பத்தாம் அளவுச் சப்பாத்து

ஹார்வுட் கோர்ட்டில் வீடு வாங்க முடியாது, பங்குதான் வாங்கலாம். இரண்டாம் உலகப் போருக்கு முன்னர் கட்டிய அந்த மூன்று மாடிச் செங்கல் கட்டிடம் முழுவதும் ஒரு கம்பெனியின் சொத்து. கம்பெனியில் பங்கு வைத்திருப்பவருக்கு அந்தப் பங்குக்குரிய வீட்டில் இருக்க உரிமை. விற்பவரும் வாங்குபவரும் சம்மதித்தால் மட்டும் காரியம் முடிந்துவிடாது. அங்கே குடியிருப்பவர்களில் சிலர் இயக்குநர் சபையாகக் கூடி, வரப்போகிறவரைப் பார்த்துக் கதைத்து, சரி என்று சொல்ல வேண்டும். பார்னல் பக்கத்துப் பழைய மனிதர்களுக்கு இது பழகிப்போன விஷயம். நகரத்தின் மறுபக்கம் மவுண்ட் ரோஸ்கில்லில் இருந்த சற்குணத்துக்குக் கேட்டதுமே கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“காசையும் குடுத்துப்போட்டு, பொம்பிளை பார்க்க வந்தவைக்கு முன்னாலை இருக்கிற மாதிரி அவையளுக்கு முன்னாலை போய் இருக்க வேணுமோ?” என்று தங்கை கஜந்தினியைக் கேட்டார்.

“அது எனக்குப் பழக்கம்தானே, அண்ணா.”

சாப்பாட்டு மேசையில் ஒருவரும் சிரிக்கவில்லை. அண்ணி மரகதம் சோற்றுக் கோப்பையைக் காரணமில்லாமல் தள்ளி வைத்தாள். மகள் லக்ஷிகா மட்டும் போனிலிருந்து தலையைத் தூக்கி, “லீவ் ஹெர் அலோன், அப்பா,” என்றாள்.

நாற்பதைத் தாண்டிய பிறகு கஜந்தினியைப் பொம்பிளை பார்க்க யாரும் வரவில்லை. அதற்கு முன்னர் வந்தவர்களும் வடையைத் தின்று, சாதகத்தைக் குறை சொல்லி, போய்விட்டார்கள். அண்ணன் ஸ்பொன்சர் செய்து இந்த நாட்டுக்குக் கூப்பிட்ட நாளிலிருந்து அவள் அவர் வீட்டின் பின்னறையில்தான் இருந்தாள். லக்ஷிகாவைக் குளிக்க வார்த்தாள், பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போனாள், காய்ச்சலுக்குப் பக்கத்தில் கிடந்தாள். லக்ஷிகா இப்போது யூனிவர்சிட்டிக்குப் போகிறாள். பின்னறையில் இருப்பவளுக்கு அந்த வீட்டில் இனி ஒரு வேலையும் இல்லை என்பதை யாரும் சொல்லவில்லை. சொல்லாமலே தெரிகிற விஷயம் அது.

“ஒரே ஒரு அறை. அதிலை என்னத்தைச் செய்யப் போறாய்?” என்றார் அண்ணன்.

“இருக்கப் போறன்.”

“ஆறு மாசம் நிக்க மாட்டாய், பார். அம்மாவுக்கு நான் என்ன சொல்லி அனுப்பினனான், தெரியுமோ? உன்னைத் தனிய விடமாட்டன் எண்டு.”

அம்மா இறந்து வெகுகாலமாகிவிட்டது. ஆனாலும் அண்ணனுடைய வாயில் அந்த வாக்கு நேற்றுக் கொடுத்தது போலவே வரும்.

ஹார்வுட் கோர்ட் வீட்டுக்கு உரிய மூதாட்டி முதியோர் இல்லத்துக்குப் போயிருந்தாள். இயக்குநர் சபை கூடித் தீர்மானிக்கும் வரை கஜந்தினி வாடகைக்கு இருந்து பார்க்கலாம் என்று ஏற்பாடு. விண்ணப்பத்தில் எத்தனை பேர் வசிப்பார்கள் என்று கேட்டிருந்தார்கள். ஒருவர் என்று நிரப்பிக் கொடுத்தாள். இரண்டு சூட்கேஸும் ஒரு பிரஷர் குக்கரும் சாமி படமுமாக மேல்மாடிக்கு வந்து சேர்ந்தாள்.

அந்த வீடு அவளுக்குப் பிடித்திருந்தது. ரிமு மரத் தரை நடந்தால் முனகும். சுவர் அலுமாரியைத் திறந்தால் அயன் பண்ணுகிற பலகை தானாகக் கீழே விழும். குசினிக் கதவுக்குப் பக்கத்தில் பழங்காலத்தில் பால்காரன் வெளியிலிருந்து போத்தல் வைத்துவிட்டுப் போன சின்னப் பெட்டி இருந்தது. உள்ளே இருந்து திறந்து எடுத்துக்கொள்ளலாம். இரும்புச் சட்ட யன்னலைத் தோளால் தள்ளித் திறந்தால், இரண்டு கூரைகளுக்கு நடுவில் துறைமுகத்துக் கிரேன் ஒன்றின் கழுத்தும் ஒரு கை அகலக் கடலும் தெரியும். வேலை செய்கிற இரத்தப் பரிசோதனைக் கூடத்துக்குப் பூங்காவுக்குள்ளால் நடந்தே போய்விடலாம். ஒரு கோப்பை தேத்தண்ணி வைத்தால் அதை அவளேதான் குடிக்க வேண்டும். ஆறிப்போனாலும் யாரும் கேட்கமாட்டார்கள். முதல் கிழமை இது சந்தோசமாக இருந்தது.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் யாரோ கதவைப் பட்டென்று அடித்தார்கள். பார்னல் தெருவில் குடித்துவிட்டு, சிநேகிதன் வீடு என்று நினைத்து மாறி ஏறி வந்த ஒருவன். “திற, திற,” என்று கத்தி, கைப்பிடியைப் பிடித்து உலுக்கினான். அவள் குசினியில் தோசைக்கரண்டியைப் பிடித்தபடி நின்றாள். அவன் இறங்கிப் போய் வெகுநேரமான பிறகும் கரண்டியைக் கீழே வைக்கவில்லை.

திங்கட்கிழமை வேலையிடத்தில் சுரேகாவிடம் சொன்னாள். சுரேகா மலேசியா ஈப்போவில் பிறந்தவள், அவளுக்குப் பக்கத்து மேசை.

“வாசல்ல உன் செருப்பு மட்டும்தானே கிடக்கும்?” என்று கேட்டாள் சுரேகா.

“ஓம். வெளியிலை கழட்டிப்போட்டுத்தானே உள்ளுக்குப் போறது.”

“அதான் தப்பு. ஒத்த ஜோடி பொம்பளை செருப்பு கிடந்தா யாருக்கும் தெரிஞ்சிடும்ல? ஒரு ஆம்பளை சப்பாத்து வாங்கிப் பக்கத்துல போட்டுடு லா. எங்கப்பா கப்பல்ல வேலைக்குப் போனப்ப எங்கம்மா அப்படித்தான் செஞ்சாங்க. பழைய பூட்ஸ், அஞ்சு வருஷம் வாசல்லயே கிடந்துச்சு. ஒரு பய வரல.”

“உன்ரை அம்மா தன்ரை மனிசன்ரை பூட்ஸைப் போட்டு வைச்சவ. நான் ஆற்றை சப்பாத்தைப் போடுறது?”

“கடையில விக்கறாங்க இல்ல? நல்ல ஆளா பாத்து வாங்கு,” என்று சொல்லி சுரேகா சிரித்தாள்.

கடையில் விற்பனையாளனாக நின்ற இளைஞன், என்ன அளவு என்று கேட்டான். கஜந்தினி அவனுடைய காலைப் பார்த்தாள். ஒரு ஆணுடைய கால் எவ்வளவு என்று அவள் இதுவரை யோசித்ததேயில்லை.

“உங்களுடைய அளவு என்ன?” என்று கேட்டாள்.

“பத்து.”

“அதுதான்.”

மண்ணிறத் தோல் சப்பாத்து, கட்டுகிற நாடாவோடு. வீட்டு வாசலில் தன் செருப்புக்குப் பக்கத்தில் வைத்தாள். புதுச் சப்பாத்து, பெட்டியிலிருந்து எடுத்தபடியே மினுங்கிக்கொண்டு நின்றது. இப்படி ஒரு ஆள் இருக்க முடியாது என்று பட்டது. உள்ளே கொண்டுபோய்க் கையை நுழைத்து, தரையில் தேய்த்து, பூந்தொட்டி மண்ணைப் பூசித் துடைத்தாள். திரும்ப வைத்தபோது ஒன்று கொஞ்சம் சரிந்து கிடந்தது. களைத்து வந்து கழற்றிப் போட்டது போல இருந்தது. அப்படியே விட்டாள்.

அதற்குப் பிறகு அது ஒரு வேலையாகிப் போனது. காலையில் வேலைக்குப் போகும்போது சப்பாத்தின் மூக்கைக் கதவுப் பக்கம் திருப்பி வைப்பாள். உள்ளே ஆள் இருக்கிறார். பின்னேரம் வந்து வேறு விதமாக வைப்பாள். மழை பெய்த நாளில் காய்ந்த சப்பாத்து கிடந்தால் யாருக்கும் சந்தேகம் வரும் என்று குளியலறைக் குழாயில் பிடித்து நனைத்து வைத்தாள். கோயிலுக்குப் போகிற வெள்ளிக்கிழமைகளில் அதைத் துடைத்தும் வைத்தாள். பயம் எப்போதோ போய்விட்டது. ஆனாலும் படியேறி வந்து திரும்புகிற அந்த மூலையில், தன் வாசலில் இரண்டு சோடி கிடப்பதைக் காண்கிறபோது நடை கொஞ்சம் விரைவாகும். அது ஏன் என்று தன்னையே கேட்க அவளுக்கு வெட்கமாக இருந்தது.

எதிர்வீட்டுக் கிரகாம் துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். தனி ஆள். காலையில் ரேடியோவை ஊருக்கே கேட்கிற மாதிரி வைப்பார். ஒரு நாள் லிஃப்டின் இரும்புக் கதவை அவளுக்காக இழுத்துப் பிடித்துக்கொண்டு, ஆங்கிலத்தில் கேட்டார்: “உங்கள் ஆளைக் கண்ணிலேயே காணோமே. இரவு வேலையா?”

கஜந்தினி தலையாட்டினாள். அந்தத் தலையாட்டல் எங்கே இருந்து வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

“நானும் இருபது வருடம் இரவு வேலைதான்,” என்றார் கிரகாம். “பகலில் நித்திரை கொள்கிறவனின் கஷ்டம் எனக்குத் தெரியும்.”

அடுத்த நாளிலிருந்து காலையில் ரேடியோ கேட்கவில்லை. கதவைக்கூட மெதுவாகச் சாத்தினார். படியில் கண்டவர்கள் முன்னையைவிடக் கொஞ்சம் அதிகமாகச் சிரித்தார்கள். ஒரு ஆளோடு இருப்பவளுக்குக் கிடைக்கிற சிரிப்பு அது. அது இவ்வளவு வித்தியாசமாக இருக்கும் என்று அவள் அறிந்திருக்கவில்லை.

சபை கூடுகிற மாதம் வந்தது. கூட்டத்துக்கு முந்தின கிழமை நல்ல மழை. ஞாயிறு மத்தியானம் குளித்துவிட்டு வந்து கதவைத் திறந்தபோது கைப்பிடியில் ஒரு துணிப்பை தொங்கியது. கறிவேப்பிலை, முருங்கைக்காய், அண்ணி இடித்த மிளகாய்த்தூள். அண்ணன் வந்திருக்கிறார். மணி அடிக்கவில்லை. உடனே போன் எடுத்தாள்.

“ஏன் அண்ணா, வந்தனீங்கள் உள்ளுக்கு வரேல்லை?”

“இல்லைப் பிள்ளை. காரை விட இடமில்லை. நேரமும் போட்டுது.” அவருடைய குரல் ஒரு மாதிரி மெதுவாக இருந்தது. “நீ சுகமாய் இருக்கிறாய்தானே?”

“ஓம்.”

“அது போதும். வைக்கிறன்.”

அவள் வாசலைப் பார்த்தாள். அன்று காலை அவள் நனைத்து வைத்த சப்பாத்திலிருந்து நீர் வடிந்து, மிதியடி வரை ஒரு கோடு ஓடியிருந்தது. அண்ணனும் இதைக் கண்டிருப்பார். திரும்ப போன் எடுத்துச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தாள். என்னவென்று சொல்வது? சபை முடியட்டும், நேரில் போய்ச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டாள்.

சபை மார்கரெட் டன்ஸ்டனின் வீட்டில் கூடியது. மார்கரெட் தலைவி, அந்தக் கட்டிடத்திலேயே பிறந்து, திரும்பவும் அங்கேயே வந்து சேர்ந்தவள். மெல்லிய கோப்பையில் தேநீர், தட்டில் பிஸ்கட். கிரகாம் ஒரு பக்கத்துக் கதிரையில் இருந்து கண்ணைச் சிமிட்டினார். கறுப்புச் சட்டை போட்ட இளம் வழக்கறிஞர் ஒருத்தியும் இருந்தாள். இன்னும் இருவர் பேசாமல் பிஸ்கட் தின்றார்கள்.

“உங்களை எங்களுக்குப் பிடித்திருக்கிறது,” என்று தொடங்கினாள் மார்கரெட். “அமைதியானவர். துணி காயப்போட உங்களுக்கு ஒதுக்கிய நாளை மீறாதவர். ஆனால் ஒரு சின்ன விஷயம். தனியாக வசிக்கப் போவதாக எங்களுக்குச் சொன்னீர்கள்.”

“ஆம்.”

“இருவர் இருப்பதில் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை. யார் என்று தெரிந்தால் போதும். மறைப்பதுதான் பிரச்சினை. மறைக்கிறவருக்கு இந்தச் சபை சம்மதம் கொடுக்காது. இதுவரை கொடுத்ததும் இல்லை.”

“நல்ல மனிதர்,” என்று கிரகாம் குறுக்கிட்டார். “ஒரு சத்தம் கிடையாது. கூட்டிக்கொண்டு வாருங்கள், ஒரு கை குலுக்கினால் முடிந்தது.”

கஜந்தினி கோப்பையைத் தட்டோடு மேசையில் வைத்தாள். பிரிந்துபோய்விட்டார் என்று சொல்லலாம். அண்ணனுடைய சப்பாத்து என்று சொல்லலாம். ஆனால் ஒரு பொய்யைச் சொன்னால் அதற்கும் ஒரு சப்பாத்து வாங்கி வைக்க வேண்டும். சொல்லாவிட்டால், பின்னறை. சொன்னால், இவ்வளவு பேருக்கு முன்னால் அவளுடைய வாசல் வெறுமையாகக் கிடக்கும்.

“வீட்டில் ஒருவரும் இல்லை,” என்றாள்.

“அப்படியானால் அந்தச் சப்பாத்து யாருடையது?” என்று கேட்டாள் வழக்கறிஞர்.

“யாருடையதும் இல்லை. நான் கடையில் வாங்கினேன்.”

“யாருக்கு?”

“வாசலுக்கு.”

அவள் தரைவிரிப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: ஒருவன் வந்து கதவை உலுக்கியது, தனியாக இருக்கும் பெண்கள் தங்கள் பக்கத்தில் இப்படிச் செய்வது, அளவு தெரியாமல் வாங்கியது. நனைத்ததைச் சொல்லவில்லை. அதை எந்த மொழியிலும் சொல்ல முடியாது.

“இரவு வேலை என்றீர்களே,” என்றார் கிரகாம்.

“நீங்கள் கேட்டீர்கள். நான் தலையாட்டினேன். மன்னியுங்கள்.”

“நான் இவ்வளவு நாளும் ரேடியோவைக் குறைத்து வைத்திருந்தேன்,” என்றார் அவர். கோபமில்லை. கூட இருந்த யாரோ சொல்லாமல் போய்விட்டது போல முகம் தொங்கியிருந்தது.

யாரும் வாக்கெடுக்கவில்லை. அவிழ்ந்த சேலையைக் கண்டவர்கள் அவசரமாக வேறு பக்கம் திரும்புவது போல, எல்லோரும் ஒரே நேரத்தில் சரி, சரி என்றார்கள். சம்மதம் கிடைத்தது. நடைபாதையில் பொருள் எதுவும் வைக்கக் கூடாது, தீ விதி, என்று மட்டும் வழக்கறிஞர் நினைவூட்டினாள். வாசல் வரை வந்த மார்கரெட் அவளுடைய முழங்கையைத் தொட்டு, “எந்த நேரமானாலும் என் கதவைத் தட்டலாம், பிள்ளை,” என்றாள். அந்த அன்பு உண்மையானது. அதனால்தான் அது சுட்டது.

மேலே வந்து சப்பாத்தை உள்ளே எடுத்துப் பால்காரப் பெட்டிக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள். வீடு அவளுடையதாகிவிட்டது. அறையிலிருந்து குசினிக்கும் குசினியிலிருந்து அறைக்கும் நடந்தாள். தரை முனகியது. மறுநாள் காலை எதிர்வீட்டு ரேடியோ பழையபடி செய்தி வாசித்தது.

அந்த ஞாயிறு பஸ் மாறி மவுண்ட் ரோஸ்கில்லுக்குப் போனாள். வாசலில் எப்போதும் போலச் செருப்புக் குவியல். தன்னுடையதைக் கழற்றி விட இடம் தேட வேண்டியிருந்தது. உள்ளே பின்னறைக் கதவு திறந்து கிடந்தது. அவளுடைய கட்டில் இல்லை. லக்ஷிகாவின் மேசையும் பெரிய கம்ப்யூட்டரும் அங்கே வந்திருந்தன.

“நீர் இனி வரப்போறேல்லைத்தானே,” என்றாள் அண்ணி, முகம் நிறையச் சிரிப்போடு. “அதுதான் இவளுக்கு ஒதுக்கிக் குடுத்தனாங்கள். கள்ளி! எங்களுக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்.”

“அண்ணி, அங்கை ஒருத்தரும் இல்லை.”

“ஓமோம்.”

“உண்மையாய். அது நான் வாங்கி வைச்ச சப்பாத்து. பயத்திலை.”

சோபாவில் இருந்த அண்ணன் டிவியின் சத்தத்தைக் குறைத்தார். “எனக்குக் கோவமில்லைப் பிள்ளை. சத்தியமாய் இல்லை. நீ ஏன் ஒளிக்கிறாய்? வெள்ளைக்காரன் எண்டாலும் பரவாயில்லை.”

“அண்ணா, நான் சொல்லுறதைக் கேளுங்கோ. ஒருத்தரும் இல்லை.”

“நான் கண்ணாலை பார்த்தனான். நனைஞ்சு தண்ணி ஓடிக் கிடந்தது. மழையுக்குள்ளாலை அப்பதான் வந்த மனிசன்.”

“நான்தான் நனைச்சனான்.”

அண்ணன் அவளை ஒரு கணம் பார்த்தார். பிறகு மெதுவாகச் சிரித்தார். சின்ன வயதில் அவள் ஏதாவது களவெடுத்துத் தின்றுவிட்டு இல்லை என்று சாதிக்கும்போது சிரிப்பாரே, அதே சிரிப்பு. “ஆராவது சப்பாத்தை நனைச்சு வைப்பினமோ? விசரி.”

“அத்தை, யூ ஆர் அ டெரிபிள் லையர்,” என்றாள் லக்ஷிகா.

மூன்று தரம் சொல்லியாகிவிட்டது. சபைக்கு ஒரு தரம் போதுமாயிருந்தது. கஜந்தினி இன்னொரு தரம் வாயைத் திறந்தாள். அதற்குள் அண்ணன் சொன்னார்: “உன்ரை அறை லைட் அணைஞ்சாப்பிறகுதான் நான் இவ்வளவு காலமும் படுத்தனான், தெரியுமோ? நீ அங்கை போனாப்பிறகு படுக்கவேயில்லை. அண்டைக்கு வாசலிலை அதைக் கண்டிட்டு வந்துதான் பிள்ளை, விடியும்வரை நித்திரை கொண்டனான். அம்மாவுக்கும் சொல்லிப்போட்டன்.”

அம்மாவின் படம் சுவரில் இருந்தது. புதுப் பூமாலை போட்டிருந்தார்கள்.

இப்போது நம்ப வைத்தால் அவர் எழும்பிப் பின்னறை மேசையைத் தூக்கி வெளியே வைப்பார். கட்டிலை இறக்குவார். அவளுக்கு அது தெரியும். திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

“வீடு சரிவந்திட்டுது, அண்ணா,” என்றாள். “சபை ஓம் எண்டிட்டுது.”

“பார்த்தியோ! ரெண்டு பேருக்கு அந்த அறை காணும்.”

குசினியில் அண்ணி இடியப்பத்தை ஒரு பெட்டியிலும் கோழிக்கறியை இன்னொரு பெட்டியிலும் அடைத்துக்கொண்டிருந்தாள். பிறகு அலுமாரியைத் திறந்து மூன்றாவது பெட்டி ஒன்றைத் தேடி எடுத்தாள். கறிச்சட்டிக்குள் அகப்பையை விட்டுக்கொண்டு, திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்:

“அவர் உறைப்புச் சாப்பிடுவாரோ?”

கஜந்தினி குசினி வாசலில் நின்றாள். கறி கொதிக்கிற சத்தம் கேட்டது.

“குறைவாத்தான் சாப்பிடுவார், அண்ணி,” என்றாள். “கொஞ்சம் தேங்காய்ப்பால் விட்டுக் குடுங்கோ.”